செவுரு காஞ்சிச்சா?

எங்கள் படுக்கையறைச் சுவரைப் போலப் பிடிவாதம் பிடித்த ஜென்மத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. கோவளத்தில், கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே இருக்கிறது எங்கள் வீடு. மாமனார் கட்டியது. கைக்கெட்டும் தூரத்தில் மணல் இருக்கிறதே என்று கடற்கரை மணலையே அள்ளிவந்து கட்டிவிட்டார் புண்ணியவான். அதனால் மேற்குச் சுவரில் எப்போதும் ஓதம், ஈரம் ஊறிக்கொண்டே இருக்கும். காலையில் பெருக்கும்போது சுவரோரமாக வெள்ளையாக உப்பு உதிர்ந்து கிடக்கும். மழை மாதங்களில் அதன்மேல் கறுப்பாகப் பூஞ்சை படரும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் துடைக்கிறேன், அது பூக்கிறது.

அப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன். ஆனால் என் வீட்டுக்காரருக்கு மூச்சு கெட்டுப்போனது. கேளம்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டியவர், தெருமுனைக்கு நடந்து போய் வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார ஆரம்பித்தார். நுரையீரல் சுருங்கிவிட்டது, இனி சரியாகாது என்றார் டாக்டர். "பூஞ்சக் காத்து இவருக்கு விஷம்மா. அந்தச் சுவர் காயற வரைக்கும் அந்த ரூம்ல படுக்க வைக்காதீங்க" என்றும் சொன்னார். எங்கள் வீட்டில் இருப்பதே அந்த அறையும் ஒரு சமையலறையும்தான். கேளம்பாக்கத்தில் இருக்கும் மகள் அவரைத் தன் ஃபிளாட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள்.

நான் சுவரோடு மல்லுக்கட்ட இங்கேயே தங்கினேன். அவர் தினமும் சாயங்காலம் போன் செய்வார். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்க மாட்டார்.

"செவுரு காஞ்சிச்சா?"

"இன்னும் வேலையே ஆரம்பிக்கலங்க. அதுக்குள்ள எப்டி காயும்?"

"சீக்கிரம் பாருமே. இங்க அந்தரத்துல தொங்கிகினு கீறேன். லிஃப்டு, கதவு, லிஃப்டு, கதவு. கால்ல மண்ணு படல. பொட்டுனு போனா நம்ம வூட்லதான் போவணும், சொல்லிட்டேன்."

"வாயக் கழுவுங்க" என்பேன். போனை வைத்த பிறகு அழுவேன்.

திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். பழைய பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்தார். உள்ளே செங்கல் ஊறிய பிஸ்கட்டாக உதிர்ந்தது. அதன்மேல் சிமெண்ட் கலவையை அறைந்து, மட்டக்கட்டையால் இழுத்து, கண்ணாடியாக வழித்துவிட்டார். போகும்போது, "நல்லா தண்ணி வுடுக்கா. பூச்சு காயவே வுடாத. தண்ணி குடிச்சாத்தான் சிமெண்டு இறுகும்" என்று சொன்னவர், போர்வெல் குழாயில் ஹோஸை அவரே மாட்டி, முதல் தண்ணீரையும் அவரே அடித்துக் காட்டினார்.

காலையும் மாலையும் நான் அந்தச் சுவருக்குச் செய்தது வெறும் வேலையில்லை, அபிஷேகம். மூலை முடுக்கெல்லாம் விட்டேன். சாமிக்குக்கூட அப்படிக் குளிரக் குளிர ஊற்றியிருக்க மாட்டேன். ஹோஸைப் பிடிக்கும்போதெல்லாம், இவர் மூச்சு நிதானமாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பூச்சு கல்லாக இறுகியது. பெயிண்டும் அடித்தாயிற்று. ஒரு காலை பெருக்கப் போனால் சுவரோரம் மறுபடியும் வெள்ளை. நிமிர்ந்து பார்த்தால் பெயிண்ட் கொப்பளித்து, சுவர் முழுக்க உப்பு பூத்து நிற்கிறது. முன்னாவது இடுப்பு உயரம்தான். இப்போது என் தலைக்கு மேலே. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். ஐயோ, அந்த ருசி எனக்குத் தெரியும். எங்கள் போர் தண்ணீரின் ருசி.

எங்கள் தெருவில் குடிக்கக் கேன் தண்ணீர், சமைக்க லாரித் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். பாத்திரம், துணி, புதுச் சுவர் எல்லாம் அதிலேதான். லாரிக்குக் குடத்தோடு நின்று, சண்டை போட்டுப் பிடிக்கிற தண்ணீரை எந்தப் பைத்தியக்காரியாவது சுவரில் ஊற்றுவாளா? எங்கள் தெருவில் எழும்பிய சுவரெல்லாம் அப்படித்தான் எழும்பியது. கடல் பாதி, நாங்கள் பாதி என்று உப்பைக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறோம், இது புரியாமல்.

கொத்தனாரை வரச்சொல்லி வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அவரும் சுவரை விரலால் தொட்டு நக்கிவிட்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"எல்லா வூட்லயும் இதத்தான்க்கா ஊத்துறோம். நான் இன்னாத்த கண்டேன்? எல்லாத்தையும் கொத்திட்டு மறுபடி பூசலாம். ஆனா மழ வருது. இனிமே பூசினா கோடையிலதான் காயும்."

கோடை வரைக்கும் என் வீட்டுக்காரர் இருப்பாரா? இதை யாரிடம் கேட்பது? அன்று சாயங்காலமும் போன் வந்தது. "செவுரு காஞ்சிச்சா?" குரல் பாதியில் நின்று மூச்சு வாங்கியது. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

மருமகன்தான் வழி சொன்னார். அவர் வேலை பார்க்கும் ஓஎம்ஆர் ஆபீசில் சுவர்களெல்லாம் ஜிப்சம் போர்டாம். "பழைய செவுத்த தொடவே வேணாம் அத்த. முன்னாடி தகர ஃபிரேம் நிறுத்தி, போர்ட ஸ்க்ரூ போட்டு முடுக்கிடுவாங்க. காயறதுக்குக் காத்திருக்க வேணாம்."

"அப்ப பின்னாடி இருக்கிற செவுரு இன்னா ஆவும்?"

"அது கண்ணுக்கே தெரியாது அத்த."

எனக்கு மனது ஒப்பவில்லை. ஆனாலும் சரி என்றேன். ஆட்கள் வந்தார்கள், ஃபிரேம் நின்றது, போர்டு ஏறியது, இடுக்குகளை டேப் ஒட்டி மூடினார்கள், பட்டி பார்த்தார்கள், பெயிண்ட் அடித்தார்கள். அப்படி ஒரு சுவரை எங்கள் வீடு கண்டதேயில்லை. விரலால் தட்டினால் மட்டும் டொக் டொக்கென்று காலியாகக் கேட்டது.

அவரைக் காரில் அழைத்து வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே வந்து புதுச் சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, மேலும் கீழும் தடவிப் பார்த்தார்.

"காஞ்சிடுச்சுமே!"

அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதமாயிற்று! மத்தி மீன் குழம்பு வைத்தேன். கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் வயிறும் அன்றைக்குத்தான் நிறைந்தது.

மழை பிடித்துக்கொண்டது. முதலில் இருமல் வந்தது. குளிர்காற்று என்றார். பிறகு பேச்சு குறைந்தது. பேச என்ன இருக்கிறது என்றார். இரண்டு தலையணையையும் சுவரோரம் நிமிர்த்தி வைத்து அதில் சாய்ந்தே கிடந்தார். ஏன் என்றால், முதுகுக்கு இதமாக இருக்கிறதாம். உறை மாற்ற நான் கேட்டாலும் தர மாட்டார்.

அவர் குளிக்கப் போன ஒரு காலையில் தலையணைகளை எடுத்தேன். பின்னால் வரிசையாகச் சின்னச் சின்னத் துருப்புள்ளிகள். உள்ளே இருக்கும் ஸ்க்ரூக்கள் பட்டியைத் தாண்டி எட்டிப் பார்த்தன. அவற்றுக்குக் கீழே இரண்டு தலையணை அகலத்துக்குப் போர்டு ஊறி, கறுப்பாகப் பூஞ்சை. அழுத்தினால் விரல் உள்ளே போனது. அதன் நாற்றம் தலையணையில் ஏறியிருந்தது.

திரும்பினால் ஈரத்துண்டோடு அவர் நிற்கிறார்.

"எப்பலேர்ந்துங்க தெரியும்?"

"வந்த மூணாம் நாளே."

"அடப்பாவி மனுஷா! வாயத் தொறந்து சொன்னா இன்னா?"

கட்டிலில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசினார். "சொன்னா திரும்ப லிஃப்டுல மேல ஏத்திடுவீங்க. நான் போவ மாட்டேன்மே. இருக்கிற மட்டும் இங்க கெடந்துட்டுப் போறேன். வுட்டுடு."

அந்த மனிதரைத் திட்டவா, அணைத்துக்கொள்ளவா? சுவரில் முட்டிக்கொள்ளலாமென்றால் அதுகூட முழுச் சுவர் இல்லை. அப்போது பார்த்து மகள் போன் செய்தாள்.

"அம்மா, அப்பா இருமிகினே கீறாராமே? எங்க வூட்டுக்காரரு அப்பாவோட போன்ல பேசும்போது கேட்டுச்சாம். செவுரு ஓதம் எதனா அடிக்குதா?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையெடுத்துக் கும்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் என்னைக் கும்பிட்டதில்லை.

"இல்லடி," என்றேன். "செவுரு நல்லா காஞ்சிடுச்சு."

போனை வைத்துவிட்டு, தலையணை இரண்டையும் எடுத்து இருந்த இடத்திலேயே சாத்தினேன்.