கம்பியூட்டருக்குள் நான் இரண்டு பேராக இருந்த நாள்

எட்டாம் வகுப்போடு நின்றவன் கம்பியூட்டரைப் பற்றி எழுதினால் சிரிப்பார்களே என்று பல வருடம் தயங்கினேன். இன்று பிஸ்மி சொல்லித் தொடங்கிவிட்டேன்.

எண்பதுகளின் கடைசி. எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் நிக்காஹ். மூத்த மகளுக்கு வீடு கட்டச் சவூதிக்குப் போக வேண்டும் என்று கல்முனை டவுனில் ஓர் ஏஜென்சியில் பதிந்திருந்தேன். அன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு போகும் பஸ்ஸில் பேர்கள் கொழும்புக்கு அனுப்பப்படும்.

"உங்கட மெடிக்கல் ரிப்போட் வரல்ல. அடுத்த முறை பாப்பம்," என்றார் முதலாளி.

மெடிக்கலை என் கையாலேயே கொடுத்திருந்தேன்!

"பொறுங்க," என்று அங்கே கம்பியூட்டரில் வேலை செய்த, பக்கத்து ஊரான பாண்டிருப்புத் தங்கச்சி ஒருத்தி விசைகளைத் தட்டினாள். பச்சை எழுத்துகள் ஓடின.

"காக்கா," என்று அண்ணன் முறையில் கூப்பிட்டாள். "இதுக்குள்ள நீங்க ரெண்டு பேர். ஒராளுக்குப் பாஸ்போட் இரிக்கி, மத்தாளுக்கு மெடிக்கல் இரிக்கி. தெருவும் வேற வேற. என்ன, ரெண்டு பொண்டாட்டியா?"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அல்லாவே! ஒண்டையே சமாளிக்க ஏலாம இரிக்கன் புள்ள!"

பிறகுதான் விளங்கியது. எங்கள் ஆண்கள் கலியாணம் முடித்தால் பெண் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பாஸ்போட் கொடுத்தபோது "வீடு எங்க?" என்று கேட்டார்கள், உம்மாவின் வீட்டைச் சொன்னேன். மெடிக்கல் கொடுத்தபோது மனைவியின் வீட்டைச் சொன்னேன். இரண்டும் உண்மைதானே!

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். "பாஸ்போட் விபரம் ஒரு பெட்டிக்குள்ள, மெடிக்கல் வேற பெட்டிக்குள்ள எண்டு நினைங்க. ரெண்டையும் கட்டுற கயிறு பேரும் தெருவும். தெரு மாறினா கயிறு அறுந்திரும்."

"அப்ப இத்தனை பேருக்குள்ள என்னைய கம்பியூட்டர் எப்படிப் புள்ள உடனே புடிச்சிது?"

"எல்லாரையும் பாக்காது காக்கா. முதல் எழுத்துல ஒரு பக்கம் திரும்பும், அடுத்த எழுத்துல இன்னொரு பக்கம்."

சுப்ஹானல்லாஹ்! எங்கள் வயல்வெளியான வட்டைக்குத் தண்ணீர் போகும் வழியல்லவா இது! பெரிய வாய்க்கால், கிளை வாய்க்கால், அப்புறம் நேராக என் வயல். மற்ற வயலை நனைக்காமல் வருகிறதே! பஸ்ஸை மறந்து வாயைப் பிளந்து நின்றேன்.

பிறந்த தேதியையும் வாப்பாவின் பேரையும் ஒப்பிட்டுப் பார்த்து, இருவரையும் ஒருவராக்கி, எனக்கு ஒரு நம்பர் கொடுத்தாள். "எந்த வீட்டுக்குப் போனாலும் இது மாறாது. இனி எல்லாருக்கும் இப்படித்தான்."

என் பேர் அந்த பஸ்ஸிலேயே போனது. மகளின் வீடும் எழும்பியது, அல்ஹம்துலில்லாஹ். படைத்த ரப்புக்கு நம்மை அறிய நம்பர் வேண்டியதில்லை. மனிதனுக்கு வேண்டியிருக்கிறது.

இதை வாசிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் ஒன்றையும் மாற்றாமல் சொல்லுங்கள். ஆளுக்கொரு தெருவைச் சொன்னால் நான் மறுபடியும் இரண்டு பேராகிவிடுவேன்.