"க்ளியர்" என்ற குரல்

பேய் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆனால் இது எனக்கே நடந்தது. போன நவம்பரில், பிரிஸ்டலில், வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகிற வழியில். வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது. நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். நான் பக்கத்தில் உட்கார மாட்டேன், அவ்வளவுதான்.

எல்லாம் காமிராவில் ஆரம்பித்தது. என் கணவன் பிரான் ஒரே பிடிவாதம்.

"ஹெல்மெட்ல காமிரா மாட்டு, இல்லன்னா பஸ்ல போ. எவனாவது இடிச்சிட்டுப் போனா போலீஸுக்கு என்னத்தக் காட்டுவ? உன் மூஞ்சியையா?"

ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் டெஸ்மண்ட் இதற்கு நேர் எதிர். ஆயுசு முழுக்க சைக்கிளில் வந்துபோனவர். இரண்டு வருடம் முன்பு திடீரென்று பஸ்ஸுக்கு மாறிவிட்டார். ஏன் என்று கேட்டால் முழங்கால் வலி என்பார்.

"காமிரா மாட்டினவன் சண்டைக்கு ஆள் தேடிக்கிட்டே போவான், டாம்சின். சிலதெல்லாம் பதிவாகாம இருக்கறதே நல்லதும்மா" என்றார், டீயைக் கலக்கிக்கொண்டே. என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியில் பிரான்தான் ஜெயித்தான். மாட்டிக்கொண்டேன்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாக ஓட்டுகிற எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் பள்ளத்தைக் கையால் சுட்டிக் காட்டுவார். சாலை முனை வந்தால் இருபுறமும் பார்த்துவிட்டு "க்ளியர்!" என்று கத்துவார். அடுத்தவர் அதைப் பின்னால் இருப்பவருக்குக் கத்துவார். இப்படியே கடைசி ஆள்வரை போகும். வருடக்கணக்கில் ஓட்டினால் இது எலும்பில் ஊறிவிடும். முன்னால் குரல் கேட்டால் நமக்குப் பார்க்கவே தோன்றாது. காலும் வாயும் தானாக வேலை செய்யும். அவருக்குக் காலியாக இருந்த சாலை நமக்கும் காலியாக இருக்குமா என்ன? முட்டாள்தனம்தான். தெரிந்தே செய்வோம்.

அந்தத் திங்கட்கிழமை மாலை நல்ல இருட்டு, மழை. பழைய பீர் ஆலைச் சந்தில் எனக்கு முன்னால் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். மஞ்சள் ஜாக்கெட். பின்னால் சிவப்பு விளக்கு. மூன்று முறை மினுக்கும்... நிற்கும். மறுபடி மூன்று முறை.

ஓரிடத்தில் பள்ளம் என்று இடது கையால் காட்டினார். நம்ம கூட்டத்து ஆள் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். சந்து பெரிய சாலையில் ஏறும் முனையில் வெள்ளை பெயிண்ட் அடித்த சைக்கிள் ஒன்றைக் கம்பத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். சாலையில் செத்துப்போனவர்களுக்காக எங்கள் ஊரில் அப்படிச் செய்வோம். அதைத் தாண்டும்போது அவர் "க்ளியர்!" என்றார். நானும் பின்தொடர்ந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவர் வந்தார். நான் சந்தில் திரும்பும்போது சரியாக எனக்கு முன்னால் இருப்பார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. குரல் மட்டும் எங்கோ கேட்ட குரல்போல இருந்தது. மழைச் சத்தத்தில் பிடிபடவில்லை.

வியாழக்கிழமை கொட்டித் தீர்த்தது. என் முதுகெல்லாம் சேறு. அவர் ஜாக்கெட்டில் ஒரு பொட்டு ஈரமில்லை.

அவருடைய பின்சக்கரம் தண்ணீரை வாரி அடிக்கவே இல்லை.

இடது கையால் பள்ளம் காட்டினார். விலகினேன். விலகும்போது கீழே பார்த்தேன்... பள்ளமே இல்லை. புதுத் தார். வழவழவென்று இருந்தது.



மூன்று மினுக்கல்... நின்றது.

வெள்ளைச் சைக்கிள்...

"க்ளியர்!"

"க்ளியர்!" நானும் தோளுக்குப் பின்னால் கத்தினேன். அங்கே யாருமே இல்லை. ஆனாலும் கத்தினேன். கால் மிதிக்கப் போனது...

பீப்!

காமிரா. பேட்டரி தீரப் போகிறதாம். சனியனே என்று ஒரு நொடி காலை எடுத்தேன்.

லாரி.

என் முன்சக்கரத்தை உரசிக்கொண்டு போனது. அது கிளப்பிய காற்றிலேயே சரிந்து விழுந்தேன்.

எழுந்து பார்த்தால் எதிரே நேர்ச்சாலை... காலி. மஞ்சள் ஜாக்கெட்டைக் காணோம்.

வீட்டுக்கு வந்ததும் லாரிக்காரன்மேல் புகார் கொடுக்க வேண்டும் என்று பிரான் வீடியோவைப் போட்டான். கொஞ்ச நேரத்தில் முகம் சுளித்தான்.

"என்னடி இது? யாருக்கு விலகிப் போற?"

திரையில் வெறும் சாலை. மழை. எனக்கு முன்னால் ஒருவருமில்லை.

பிறகு அந்தக் குரல். "க்ளியர்!" கூடவே என் குரல்.

"ரெண்டாவது நீ. மொதல்ல கத்தினது யாரு?"

மறுபடி போடச் சொன்னேன். மழைச் சத்தம் இதில் குறைவு. இந்த முறை தெரிந்துவிட்டது.

டெஸ்மண்டின் குரல்.

காலையில் முதல் வேலையாக அவர் காதில் ஹெட்போனை மாட்டினேன். கேட்டார். நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி அந்த முனையில ஒரு பொண்ணு செத்தாளே... வெள்ளச் சைக்கிள். அவ எனக்குப் பின்னாடிதான் வந்தா. நான்தான் க்ளியர்னு கத்தினேன். இப்படியேதான் கத்தினேன். யார்கிட்டயும் சொல்லல. ஒருத்தர்கிட்டயும் காமிரா இல்ல, யாரும் வந்து கேக்கவுமில்ல."

"பாத்துட்டுத்தானே சொன்னீங்க?"

"இல்லம்மா. எனக்கு முன்னாடி போன ஆள் சொன்னார். நான் பின்னாடி சொன்னேன்."

"எந்த ஆள்?"

"யாரோ. மூஞ்சியப் பாக்கல. மஞ்ச ஜாக்கெட். லைட்டு மூணு தரம் மினுக்கி மினுக்கி நிக்கும்."

மஞ்சள் ஜாக்கெட்டைப் பற்றியோ விளக்கைப் பற்றியோ நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. வீடியோவிலும் அது இல்லை.

அன்றிலிருந்து நானும் பஸ்தான்.

ஜனவரியில் எனக்குக் கடும் காய்ச்சல். இரண்டு நாள் படுக்கையை விட்டு இறங்கவில்லை. பிரான் சமையலறையில் சூப் வைத்துக்கொண்டிருந்தான். அரைத் தூக்கத்தில் கிடந்தேன். திடீரென்று சமையலறையிலிருந்து ஒரு குரல்.

"க்ளியர்!"

என் குரல்.

பிரான் போனைப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. எங்கள் சைக்கிள் குழுவில் கிட் என்கிற பையன் ஒரு வீடியோ போட்டிருந்தான். அதற்குக் கீழே இப்படி எழுதியிருந்தான்:

'பீர் ஆலை முனை, நேத்து சாயங்காலம். மஞ்ச ஜாக்கெட் போட்ட அக்கா ஒருத்தங்க க்ளியர்னு கத்தினாங்க. நம்பிப் போய் லாரிக்கு அடியில போகப் பாத்தேன். வீடியோல ஆளையே காணோம், குரல் மட்டும் இருக்கு. யாருன்னு தெரியுமா?'

நேற்று சாயங்காலம் நான் இதே கட்டிலில் கிடந்தேன். பிரான் என் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தான்.

கிட் தப்பிவிட்டான். அடுத்து யாரோ தெரியாது. காமிரா வையுங்கள், வைக்காமல் போங்கள், அது உங்கள் இஷ்டம். ஆனால் அந்த முனையில் ஒரு பெண் குரல் "க்ளியர்" என்றால்... தயவுசெய்து நின்றுவிடுங்கள்.

சொன்னது நான் இல்லை.