அவவுக்கும் வருத்தம்

நான் வேலை செய்த கந்தோரின் சுவரில் ஒரு வரைபடம் தொங்கியது. பன்றிக்காய்ச்சல் உலகத்தைச் சுற்றிவந்த 2009ஆம் வருஷம் அது. மேற்கு ஆபிரிக்காவில் பிரெஞ்சு பேசும் ஒரு நாட்டில் காய்ச்சல் எங்கெங்கே பரவுகிறது என்று மொன்றியலில் இருந்தபடி கண்காணிப்பது எங்கள் வேலை. அந்த நாட்டின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் வாசிக்கிறவர்கள் அந்த நாட்டைத்தான் குறை சொல்வார்கள். குறை அங்கே இல்லை. ஹீட்டரைப் போட்டுவிட்டுக் கோப்பி குடித்துக்கொண்டிருந்த எங்களிடம் இருந்தது.

நோய் கண்ட மாவட்டம் வரைபடத்தில் சிவப்பு, காணாத மாவட்டம் வெள்ளை. ஆய்வுகூடம் உறுதிப்படுத்தினால்தான் சிவப்பு அடிக்கலாம். சிவப்பான இடத்துக்குத்தான் தலைநகரக் களஞ்சியத்திலிருந்து மாத்திரை போகும். ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதற்கு மூக்கிலிருந்து சளி எடுக்கும் குச்சியும் குப்பியும் வேண்டும். அவை அடங்கிய பெட்டியும் சிவப்பான இடத்துக்குத்தான் போகும். அப்படியானால் வெள்ளையாக இருக்கிற மாவட்டம் எந்தக் காலத்தில் சிவப்பாவது? இந்தக் கேள்வியை நான் கேட்காத ஆள் கந்தோரில் இல்லை. எல்லாரும் தலையாட்டினார்கள். "ஓம், அது ஒரு பிரச்சினைதான்" என்று பிரெஞ்சில் அழகாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

என் வேலை ரெலிபோன். நானும் இங்கே பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரம் படித்தவள்தான். ஆனாலும் பள்ளிக்கூடக் காலத்திலேயே பிரெஞ்சு வாய்க்கு வந்துவிட்டதால், என்னைப் பிடித்து ரெலிபோனில் இருத்தினார்கள். காலையில் பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து மெட்ரோ பிடித்து வந்து சேர, அங்கே மத்தியானம் கழிந்திருக்கும். மாவட்ட வைத்தியசாலைகளுக்கு ஒவ்வொன்றாக அடித்து நிலைமை கேட்பேன்.

தெற்கே ஒரு மாவட்டத்தில் ஒரு நேர்ஸ் இருந்தா. முகம் தெரியாது, குரல் மட்டும்தான். பெரிய குரல், பெரிய சிரிப்பு. என்னை "மா சேர்" என்று கூப்பிடுவா. பிரெஞ்சில் "என் சகோதரி" என்று அர்த்தம். நான் எங்கள் பணிப்பாளரை ஆங்கிலத்தில் "சேர்" என்று கூப்பிடுகிறவள். ஆகவே அவ என்னை அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது மாதிரி இருக்கும். அதை ஒருநாள் விளங்கப்படுத்தினேன். விழுந்து விழுந்து சிரித்தா.

இலையுதிர்காலம் முடிகிற சமயத்தில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. அவ பேசியது பிரெஞ்சுதான். என் காதுக்குள் அது எங்கள் தமிழாகவே விழும், அப்படியே எழுதுகிறேன்.

"மா சேர், இஞ்சை சனமெல்லாம் காய்ச்சலிலை கிடக்குது. படுக்க இடமில்லை. வெளியிலை பாய் போட்டிருக்கிறன். மாத்திரை எப்ப அனுப்புவியள்?"

"ஆய்வுகூட முடிவு வேணுமாம் அக்கா."

"குச்சி அனுப்பினாத்தானே முடிவு வரும்!"

அவ கேட்டது முழுக்க நியாயம். நிமிர்ந்து பார்த்தால் சுவரில் அவவின் மாவட்டம் பச்சைப்பிள்ளையின் துணி மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கிறது. கோதாரி விழுந்த வரைபடம்! எங்கள் பக்கத்தில் கொள்ளைநோய்க்குப் பழைய பெயரும் அதுதான், கோபம் வந்தால் திட்டுவதும் அதுதான். அன்றைக்கு இரண்டு அர்த்தத்திலும் சொன்னேன்.

ஒருங்கிணைப்பாளராக இருந்த கியூபெக் பெண்மணியிடம் ஓடினேன். விதி விதிதான் என்றா. விதியை மீறிப் பெட்டி அனுப்பும் அதிகாரம் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது, எங்கள் பணிப்பாளருக்கு. அவர் சென்னையைச் சேர்ந்த டொக்டர். நான் பிறக்கும் முன்பே மொன்றியலுக்கு வந்து பெரிய ஆளாகிவிட்டவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். என்னைக் கண்டால் முகம் மலரும். "உங்க தமிழ் கேக்க தேன் மாதிரி இருக்கும்மா. எங்கிட்ட தமிழ்லயே பேசுங்க" என்பார். தேனும் மண்ணாங்கட்டியும்! சொல்கிற விஷயத்தை விட்டுவிட்டு ஓசையைக் கேட்கிற ஆட்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கிழமை அவர் ஜெனிவாவில் ஏதோ மாநாட்டில் இருந்தார். ரெலிபோனில் ஆள் அகப்படவில்லை. குரல்பெட்டிதான் எடுத்தது. ஒருங்கிணைப்பாளர் பக்கத்து மேசையில் இருந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தா. அவவைத் தாண்டிப் போவது தெரியக்கூடாது என்று தமிழிலேயே சொன்னேன்.

"சேர், தெற்கு மாவட்டத்து நேர்ஸோடை இப்பதான் கதைச்சனான். அங்கை சனத்துக்கெல்லாம் வருத்தம். வர வரக் கூடுதாம். அவவுக்கும் வருத்தம் வந்தா ஆஸ்பத்திரியைப் பாக்க ஆளில்லை. தயவுசெய்து உடனை ஏதும் செய்யுங்கோ."

மறுநாள் என் குரல்பெட்டியில் அவருடைய பதில் இருந்தது.

"மெசேஜ் கேட்டேம்மா. அவங்க வருத்தம் நியாயமானதுதான். எல்லா நாட்டுலயும் இப்படித்தான் இருக்கு. நீங்க அவங்ககிட்ட ஆறுதலா பேசுங்க. மத்ததை நான் வந்து பாத்துக்கறேன்."

ஆறுதலாகவோ! எங்கள் பேச்சில் ஆறுதல் என்றால் அவசரமில்லாமல், மெள்ள. ஆறுதலாக வாங்கோ, ஆறுதலாகச் சாப்பிடுங்கோ என்போம். சனம் வெளியே பாயில் கிடந்து மூச்சுக்கு இழுக்குது, இந்த மனிசன் மெள்ளப் பேசு என்கிறார். எனக்கு விசர் வந்தது. ரெலிபோனைத் தூக்கி அடிக்காதது ஒன்றுதான் மிச்சம்.

நான் அவருக்கு அடித்ததை எப்படியோ ஊகித்துவிட்ட ஒருங்கிணைப்பாளர் கேட்டா, "டொக்டர் என்ன சொன்னார்?"

"அவசரமில்லையாம்" என்றேன்.

"நான் சொன்னேன்தானே" என்று அவ தன் வேலையைப் பார்க்கத் திரும்பினா.

அதே கிழமைதான் எங்கள் கீழ்வீட்டில் இருந்த மன்னார்ப் பெண்பிள்ளையைத் தடுப்பூசிக்குக் கூட்டிப் போனேன். அவளுக்கு வயிற்றில் பிள்ளை. வரிசை கட்டிடத்தைச் சுற்றி வளைந்து நின்றது. வயிற்றுப்பிள்ளைக்காரி என்றதும் எங்களை முன்னுக்கு விட்டார்கள், கதிரை தந்தார்கள், அவளுக்கென்று தனி மருந்து எடுத்து வைத்திருந்தார்கள். பின்னால் நின்ற ஒருவர் பிந்துகிறது என்று தாதியிடம் சத்தம் போட்டார். ஒரு தும்மல்கூட இல்லாத மனிதர்! நல்ல ஏச்சாக ஏச வேண்டும் போல் இருந்தது. மன்னார்ப் பிள்ளை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாம் அக்கா, வாங்கோ போவம்."

அடுத்த நாள் நேர்ஸிடம் அதைச் சொன்னேன். கதிரை தந்ததையும் சொன்னேன். மறுபக்கம் இருமல் கேட்டது.

"நல்லது மா சேர். வயித்துப்பிள்ளைக்காரருக்கு முதல் குடுக்கத்தான் வேணும்" என்றா. பிறகு, "எனக்கும் மாசம் கிட்டுது. உனக்குச் சொல்லேல்லை" என்றா.

"இருமுறியள் அக்கா. காய்ச்சலோ?"

"ஒண்டுமில்லை. சும்மா ஒரு காய்ச்சல். நீ அந்தக் குச்சியை அனுப்பு."

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. ஒருங்கிணைப்பாளரின் மேசைக்கு முன்னால் நின்று எல்லாருக்கும் கேட்கப் பிரெஞ்சில் கத்தினேன். கோபத்தில் இலக்கணம் எல்லாம் பறந்தது. ஆண்பால் பெண்பால் ஒன்றும் பார்க்கவில்லை. அவ என் தோளைத் தட்டி, கொஞ்சம் வெளியே நடந்துவிட்டு வா என்றா. பணிப்பாளரே அவசரமில்லை என்று சொன்ன பிறகு, நான் களைத்துப்போன ஒரு பெட்டை, அவ்வளவுதான்.

அடுத்த முறை அடித்தபோது ஒரு ஆண்குரல் எடுத்தது. வைத்தியசாலையின் சாரதி. நேர்ஸைத் தலைநகருக்குக் கொண்டுபோனதாகச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்திருக்கிறார்கள். அங்கேதான் குச்சி இருந்ததே! முடிவு வருவதற்குள் அவவும் போய், பிள்ளையும் போய்விட்டது.

"நீங்கள்தானே கனடாவிலை இருக்கிற சகோதரி?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

ஆய்வுகூட முடிவு கந்தோருக்கு வந்தது. நோயாளியின் ஊர் தெற்கு மாவட்டம் என்பதால், அந்த மாவட்டத்துக்குச் சிவப்பு அடித்தார்கள். அந்த மாவட்டத்தில் உறுதிப்படுத்தப்பட்ட முதல் நோயாளி அவதான். அன்றைக்கே களஞ்சியம் திறந்தது. மாத்திரை, குச்சி, குப்பி எல்லாம் லொறியில் ஏறிப் போனது. எல்லாம் எவ்வளவு சுறுக்காக நடந்தது தெரியுமா!

பணிப்பாளர் திரும்பி வந்தார். நேரே என் மேசைக்கு வந்தார். முகம் வாடிப்போய் இருந்தது, கண் சிவந்திருந்தது.

"கேள்விப்பட்டேம்மா" என்றார். "ரெண்டு நாளா எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு."

நான் கதிரையோடு பின்னால் தள்ளிப் போனேன்.

"காய்ச்சலோ சேர்? மாஸ்க் போடுங்கோ. டொக்டரிட்டைக் காட்டினியளோ?"

அவர் விழித்தார். "காய்ச்சலா? இல்லம்மா. வருத்தம்னு சொன்னேன். மனசு கஷ்டம்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். வருத்தம் என்றால் துயரம் என்று புத்தகத்தில் நானும் படித்தவள்தான். ஆனால் காதுக்கு அது எப்போதும் நோய். வருத்தம் வந்தால் மருந்து எடுப்போம், வருத்தக்காரரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்ப்போம். இந்த மனிதருக்கு அந்தச் சொல்லில் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. அவர் நியாயமானது என்ற வருத்தமும் சொன்ன ஆறுதலும் என்ன என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் என்னை மெள்ளப் பேசச் சொல்லவில்லை, தேற்றச் சொல்லியிருக்கிறார்.

"அந்த மெசேஜ்..." என்றார். மெல்ல என் மேசையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, நான் என்னமோ அவங்கல்லாம் மனசு உடைஞ்சு போயிருக்காங்கன்னு... நீங்க உடம்பு சரியில்லைன்னு சொல்லியிருக்கலாமேம்மா."

சொல்லியிருக்கலாமோ! பழியைக் கொண்டுவந்து என் நாக்கில் வைக்கிறார். தேன் மாதிரித் தமிழ் என்றவர், அந்தத் தமிழை ஒருநாளாவது கேட்டாரா?

"சேர்," என்றேன். "ஒரு மாவட்டத்துச் சனம் முழுக்கக் கவலைப்படுது எண்டு சொல்லவோ நான் ஜெனிவாவுக்குக் கோல் எடுத்தனான்?"

அவர் ஏதோ சொல்ல வாய் எடுத்தார். நான் விடவில்லை.

"சரி, கவலை எண்டே வைப்பம். அவ்வளவு சனத்துக்கும் ஏன் கவலை எண்டு நீங்கள் ஒரு கேள்வி கேட்டியளோ?"

அவர் சுவரைப் பார்த்தபடி நின்றார். அங்கே அவவின் மாவட்டம் சிவப்பாக இருந்தது. அவ கேட்டதற்குப் போகாத லொறி அவ செத்ததற்குப் போனது. ரெலிபோன் அடித்தது. எடுத்தேன். தெற்கிலிருந்து ஒரு புதிய நேர்ஸ், பெட்டிகள் வந்து சேர்ந்துவிட்டதாகச் சொல்லி எங்களுக்கு நன்றி சொன்னா.