நிர்மலாவுக்கு நான் தேர்ந்த பாட்டு

பியானோவின் மூடியைத் திறந்ததும் நப்தலின் உருண்டை வாசனையும் கடல் ஈரத்தில் ஊறிய கம்பளியின் புழுங்கல் வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறும். திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி, கடற்படைப் படகுகளின் இரைச்சல் ஓயாதிருந்த அந்த வீட்டில்தான், யுத்த காலத்தில் பிளோரா ரீச்சர் எங்கள் தேவாலயப் பங்குப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தார். புதுப் பாட்டுத் தேர்வதற்கு அவரிடம் ஒரே விதிதான் இருந்தது: "முதல் பக்கத்தில மூண்டு இடத்துக்கு மேல தடக்கினால், அது இப்ப உமக்குரிய பாட்டில்லை. மூடி வையும்."

நிர்மலா பாலையூற்றிலிருந்து வருவாள். 'சென்றி'க் காவலரணில் ஆமிக்காரர் மறித்த நாட்களில் வரமாட்டாள். வீட்டில் பியானோ இல்லாததால், கடதாசி மட்டையில் பியானோக் கட்டைகளைக் கீறி அதில் விரலோட்டிப் பழகுவாள். எங்கள் வீட்டில் பியானோ இருந்தது. ஆனாலும் அவள் மெதுவான பாட்டொன்றை வாசித்தால் ரீச்சர் குசினியிலிருந்து எழுந்துவந்து வாசலில் நிற்பார். எனக்கு ஒருநாளும் அப்படி வந்து நின்றதில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, கொழும்பில் கன்னியர் நடத்திய விடுதியொன்று எங்களில் ஒருத்தியைச் சேர்த்து, இசையோடு படிப்பும் தர முன்வந்தது. அங்கே பங்கர் இல்லை, சுற்றிவளைப்பு இல்லை. தெரிவுக்கு வரும் சிஸ்டருக்கு ஆளுக்கொரு புதுப் பாட்டு வாசிக்கவேண்டும். ரீச்சர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் புத்தகங்களைத் தந்து எங்களையே தேர்ந்துகொள்ளச் சொன்னார்.

"உனக்குத்தானே கனக்கத் தெரியும். எனக்கு எது சரிவருமெண்டு நீயே சொல்லு," என்றாள் நிர்மலா.

மெதுவான பாட்டொன்றுதான் அவளுக்குப் பொருந்தும் என்று எனக்குத் தெரியும். நான் மூன்றாம் புத்தகத்தின் கடைசிப் பாட்டை விரித்தேன். அதற்கு இடக்கை எட்டுக் கட்டை அகலத்துக்கு விரியவேண்டும். அவளுடைய விரல்களுக்கு அது எட்டாது. முதல் பக்கத்தில் ஐந்து இடத்தில் தடக்கியவள், ரீச்சரின் விதியை நினைத்துத் தயங்கினாள்.

"லேசானதை வாசிச்சால் ஆர் எடுப்பினம்? பழகப் பழக வரும்," என்றேன்.

இரண்டு கிழமை அவள் மட்டையில் பழகினாள். மட்டை பிழையைச் சொல்லாது.

தெரிவன்று இரண்டாம் வரியிலேயே நின்றுபோனாள். திரும்பத் தொடங்கினாள், திரும்பவும் நின்றாள். மூன்றாவது தரம் சிஸ்டரே புத்தகத்தை மூடி, தன் அளவு தெரியாத பிள்ளை என்றார். எனக்கென்று நான் தேர்ந்திருந்த லேசான பாட்டைப் பிழையின்றி வாசித்தேன். என்னை எடுத்தார்கள்.

சில வருடங்களில் அம்மாவின் கடிதம் வந்தது. இயக்கம் சண்டைக்குப் பிள்ளை பிடிக்கிறதென்று பயந்து, நிர்மலாவுக்குப் பதினாறு வயதிலேயே கலியாணம் கட்டிவைத்துவிட்டார்களாம். கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பியானோப் பயிற்சிக்குப் போனேன்.

யுத்தம் முடிந்து பல வருடங்களின் பின் போனவருடம் ஊருக்குப் போனேன். ரீச்சர் உயிரோடு இல்லை, அவருடைய வீடிருந்த இடத்தில் ஹோட்டல் ஒன்று நிற்கிறது. பியானோ ஷெல்லில் எரிந்துபோனதாம். நிர்மலா தம்பலகாமத்தில் இருக்கிறாள் என்றறிந்து தேடிப் போனேன். கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, மகளை முன்னே நிறுத்தினாள்.

"இவளும் கோயிலில ஓர்கன் பழகிறாள். அண்டைக்கு என்னில நம்பிக்கை வைச்ச ஆள் நீ ஒருத்திதான். இவளுக்கும் ஒரு பாட்டு நீயே தெரிஞ்சு குடு."

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்க்காமல், "பிள்ளை, நீ உள்ளுக்குப் போ," என்று மகளிடம் சொன்னாள்.