கருடன் தின்ற கருவாடு

கழனி போய்த் தொழிற்பேட்டை எஸ்டேட் வந்ததும், கள்ளிக்குப்பத்துப் பஞ்சவர்ணம் ஆணி கம்பெனிக்குப் பெட்டி கட்டப் போனாள். நாற்று நட்ட கைக்குப் புது வேலை பழகிவிட்டது. வாய் மட்டும் பழைய வாய்தான். சொன்னால் சொன்னதுதான்.

கூட வேலை செய்யும் மேனாம்பேட்டு அங்கம்மாவுக்கு, பஞ்சவர்ணத்தின் மகள் கன்னியம்மாளைத் தன் மகனுக்குக் கேட்கலாமா என்று ஒரு யோசனை. ஆனால் அவள் சகுனம் பார்க்காமல் உலைகூட வைக்கமாட்டாள்.

"ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறோமில்ல, வழியில நல்லதா எதுனா கண்டா பேசலாம். இல்லாங்காட்டி வுட்டுடு" என்றுவிட்டாள்.

மாசி மாசம். கம்பெனிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஏரிக்கரையோடு நடந்தார்கள். புங்கமரமெல்லாம் தளிர்விட்டு மினுமினுத்தது. தண்ணீரில் கூழைக்கடா, சேற்றில் கொக்கு. பஞ்சவர்ணத்துக்கு அழகெல்லாம் கண்ணில் ஏறவில்லை, சகுனத்தையே தேடிக்கொண்டு வந்தாள்.

"தோ, கீரி!" என்று கூட வந்த முனியம்மா கத்தினாள். அங்கம்மா திரும்புவதற்குள் அந்த நல்ல சகுனம் புதரில் நுழைந்துவிட்டது. அடுத்து ஒரு சாரைப்பாம்பு சாவகாசமாகக் குறுக்கே போனது. அதை மட்டும் நன்றாகப் பார்த்தாள்.

"இன்னா பஞ்சவர்ணம், இப்டி ஆவுதே?"

"அது எங்கக்கா குறுக்க வந்துச்சி? அது வழியில நாமதான் பூந்துட்டோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அங்கம்மா சிரிக்கவில்லை.

சாமி கும்பிட்டுத் திரும்பும்போது கரையில் உட்கார்ந்து சோற்று மூட்டையை அவிழ்த்தார்கள். சம்மந்தி ஆகப்போகிறவள் என்று பஞ்சவர்ணம் வறுத்துக்கொண்டு வந்த வஞ்சிரக் கருவாட்டில் பெரிய துண்டு அங்கம்மாவுக்கு. அப்போது பார்த்து வெள்ளைக் கழுத்துக் கருடன் ஒன்று தலைக்கு மேலே வட்டமிட்டது.

"கருடா! கருடா!" அங்கம்மா பரவசமாகிக் கையைத் தூக்கிக் கும்பிட்டாள். கையில் கருவாடு இருந்ததை மறந்துவிட்டாள். சர்ரென்று இறங்கிய கருடன் துண்டைக் கவ்விக்கொண்டு, இறக்கையால் கொண்டையை ஒரு தட்டுத் தட்டிப் பறந்தது. கனகாம்பரம் மடியில் விழுந்தது.

"ஐயோ! இது இன்னா சகுனம்டி?"

பஞ்சவர்ணம் அசரவில்லை. "மேல சுத்தினாலே நல்லதுன்றே. உன் கையாலயே வாங்கித் துன்னுட்டுப் போயிருக்கு. இன்னும் இன்னாக்கா ஓணும்? எல போட்டு வெக்கலியேன்னு சொல்லப்போறியா?"

அங்கம்மா வானத்தைப் பார்த்தாள், பஞ்சவர்ணத்தைப் பார்த்தாள். "உன் பொண்ணுக்கும் இதே வாயா?"

"இதுல பாதி தேறும்."

"பாதின்னா சமாளிக்கலாம்." மடியில் கிடந்த பூவை எடுத்து நீட்டினாள். "இந்தா, நான் குட்தேன்னு அவ தலையில வை. எனக்கு இன்னொரு துண்டு போடு."

முந்தானையால் மூடிக்கொண்டுதான் தின்றாள்.