டீசல் வண்டியும் உம்மாவின் மறதியும்

எங்கள் உம்மாவுக்கு ஞாபக மறதி என்பதில் சிறுவயதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. வாய்ப்பாட்டை ஒருமுறை கேட்டாலே ஒப்பிக்கிறவள் நான். ஒரு டீசல் காரின் சங்கதிகளை வாரா வாரம் மறந்துபோகிற உம்மாவை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கும்.

வாப்பா சவுதியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். ஒரு லீவில் வந்தபோது பழைய டீசல் கார் ஒன்றை வாங்கி, உம்மாவுக்கு ஓட்டவும் பழக்கிவிட்டுப் போனார். எங்கள் ஊர் அச்சன்புதூரில் அதைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. உம்மா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாப்பா வைத்த நிபந்தனை ஒன்றுதான். வண்டியைக் கண்டவர் கையில் கொடுக்கக்கூடாது. சின்னச் சின்ன வேலைகளை வீட்டிலேயே பார்க்க வேண்டும், அவர் போனில் சொல்லித் தருவார்.

வாப்பாவுக்குப் போனில் பேச்சே வராது. "சாப்ட்டியளா? புள்ள படிக்காளா? சரி, வைக்கட்டா?" அவ்வளவுதான். அவர் வைத்த பிறகும் உம்மா போனைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருப்பாள். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பானெட்டைத் திறந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு பேட்டரி மேல் வைத்துவிட்டால் அவர் வேறு ஆள். ஆயில் மட்டத்தில் தொடங்கி, ஏர் பில்டர் தூசிக்குப் போய், அங்கிருந்து முதலாளியின் முன்கோபம், ரூமில் கருகிப்போன மீன், ஒர்க்‌ஷாப்பில் பூனை குட்டி போட்டது என்று மடை திறந்த மாதிரி பேசுவார். பேச்சு ஓயப்போகிறது என்று தெரிந்தால் உம்மா கேட்பாள்.

"டீசல் பில்டருக்கு அடியில ஒரு திருகு இருக்கே, அத எந்தப் பக்கம் திருகணும்?"

"இடப்பக்கம்மா! போன வாரமும் இதத்தான கேட்ட?" என்று நான் கத்துவேன்.

"வாய மூடுட்டி. வாப்பா சொல்லட்டும்."

ஒரு சாரல் சமயத்தில் வாப்பாவுக்கு வெள்ளிக்கிழமையும் வேலை இருந்தது. போன் வரவில்லை, பில்டரில் தங்கும் தண்ணீரை உம்மா வடிக்கவும் இல்லை. மறுநாள் உம்மாவின் தங்கையான சாச்சியையும் ஏற்றிக்கொண்டு குற்றாலத்துக்குக் கிளம்பினோம். இலஞ்சி தாண்டியதும் வண்டி திக்கித் திணறி நின்றுவிட்டது.

"போச்சு! மச்சானுக்குப் போன் போடு" என்றாள் சாச்சி.

"அவங்க வேலையில இருப்பாங்க" என்று உம்மா இறங்கினாள். தூறலில் பானெட்டைத் திறந்து, அந்தத் திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடியவிட்டு மூடினாள். பிறகு மேலே இருந்த ரப்பர் குமிழை, அது கல்லு மாதிரி இறுகும்வரை அமுக்கி டீசலை ஏற்றினாள். எந்தப் பக்கம் என்று யாரையும் கேட்கவில்லை. சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"இத வாப்பாட்ட சொல்லிராத, என்னா?" என்றாள். நடுரோட்டில் நின்றது தெரிந்தால் வாப்பா திட்டுவார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தருவியில் ஆசை தீரக் குளித்தும் உம்மாவின் கையில் டீசல் வாடை போகவில்லை. அந்தக் கையாலேயே எனக்குப் பஜ்ஜி பிட்டுக் கொடுத்தாள், நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "அந்தத் திருகு எந்தப் பக்கம்?" என்று உம்மா தொடங்கினாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"பொய்யி வாப்பா! உம்மாக்கு எல்லாம் தெரியும். ரோட்டுல வண்டி நின்னப்ப தானாவே சரி பண்ணிட்டா!"

உம்மாவின் முகம் அப்படிச் சுண்டிப்போய் நான் பார்த்ததில்லை. வாப்பா வைத்துவிட்டாரோ என்று அவள் குனிந்து போனைப் பார்த்தாள்.

"அப்படியா?" என்று கடைசியில் குரல் வந்தது. "ஒரு தடவ சரியா வந்திருக்கும். அடுத்த தடவ மறந்துருவா. நான் முதல்லேருந்து சொல்லுதேன். ஏட்டி, பானெட்டத் தொறந்தியா?"

"இருங்க, இப்பத்தான் தொறக்கேன்" என்றாள் உம்மா, திறந்திருந்த பானெட்டுக்குக் கீழே நின்றுகொண்டு. சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், கண் கலங்கியிருந்தது.

எனக்கு வெறுத்துப்போய்விட்டது. ஒருவருக்குத் திறந்த பானெட் தெரியவில்லை. இன்னொருவருக்குச் சொன்னது காதில் ஏறவில்லை. இந்த இரண்டு பேரையும் நம்பினால் வண்டி உருப்படாது, பெரியவளானதும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கவலைப்பட்டுக்கொண்டே விளையாடப் போனேன்.