குரூப்பில் விழுந்த குரல்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை யாரிடமும் கையேந்தாமல் வளர்த்தவள். திருநகரில் ஞாயிறுதோறும் வயதான பெண்களுக்கு வாட்ஸ்அப் சொல்லித்தர ஒரு பேராசிரியர் வருவார். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் ஆராய்ச்சி செய்கிறவராம். ஒல்லியான ஆள், காதோரம் நரை. எதைச் சொன்னாலும் "வந்து சேந்துச்சாம்மா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அடுத்ததைச் சொல்ல மாட்டார். ஒன்றும் விளங்காமலே, கௌரவத்துக்காக "சேந்துச்சு சார்" என்பேன்.

ஒருநாள் வீட்டிலிருந்து மகளுக்குப் பேசி அனுப்பினேன். "அந்தாளு என்ன பேசுறாருன்னே தெரியலடி. மண்டை காயுது. இவருட்ட எப்படித்தான் பிள்ளைக படிக்குதுகளோ!"

அது மகளுக்குப் போகவில்லை. அவரும் வகுப்புப் பெண்களும் இருக்கிற குரூப்பில் போய் விழுந்தது.

போகாவிட்டால் பயந்துவிட்டாள் என்பார்கள். அடுத்த ஞாயிறு முந்தானையைப் போர்த்திக்கொண்டு கடைசியில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவள், "என்னக்கா, இன்னைக்கும் மண்டை காயுதா?" என்று சிரித்தாள்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான் அனுப்புனது போய்ச் சேரலன்னா, திரும்ப அனுப்புறது என் வேலைம்மா. எங்க தொழில்ல அதான் முறை" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, போனைத் திறப்பதிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் முகத்தை இன்னும் நேராகப் பார்க்க முடியவில்லை.

நடந்ததையெல்லாம் இப்படித் தாளில் எழுதி, பேத்தியிடம் நீட்டினேன்.

"வாசி தாயி. அவரைத் திட்டுன இடத்தையும் விடாம வாசி."